பொழுது சாயாத வாய்க்கால்கரைத் தெரு

சூரியன் எங்கள் தெருவில் மட்டும் சாயாமல் நின்றதைப் பற்றிப் பேச்சு வந்தால், அது ஏன் நின்றது, எப்படி நின்றது என்று வெளி ஆட்கள்தான் கேட்பார்கள். எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை, கேட்க நேரமும் இல்லை. வெயில் இறங்காது என்று தெரிந்த உடனேயே பாண்டியம்மாள் அக்கா இன்னும் நாலு கூடை அப்பளத்தை மாடிக்கு ஏற்றச் சொல்லிவிட்டாள், அவள் ஏற்றுவதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி ஏற்றினாள், எதிர் வீட்டுக்காரி ஏற்றுவதைப் பார்த்து எங்கள் வீட்டிலும் ஏற்றினோம், இப்படித் தெரு முழுக்க மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது காரணம் கேட்டுக்கொண்டு கீழே நிற்க யாருக்கு மனசு வரும்? காரணம் தெரிந்தால்தான் வெயில் காய்ச்சும் என்று ஒன்றும் இல்லை.

மதுரையில் பழைய நூல் ஆலைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் வாய்க்கால்கரைத் தெரு. வாய்க்கால் போய் வெகு காலமாகிறது, பெயர் மட்டும் போக மறந்து நிற்கிறது. வீட்டுக்கு வீடு அப்பளம் போடுகிறவர்கள். அப்பளத்துக்கு உச்சி வெயில் ஆகாது, விளிம்பு சுருண்டு விரிசல் விட்டுவிடும். நாலு மணிக்கு மேல் சாய்வாக விழுகிற மஞ்சள் வெயில்தான் அதற்கு வாகானது. அந்த வெயில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் என்ன என்று நாங்கள் எல்லோரும் தினமும் நினைத்திருக்கிறோம், சாமியிடம்கூடக் கேட்டிருக்கிறோம். ஆனால் சூரியன் எங்களுக்காக நிற்கவில்லை. நாகேந்திரனுக்காக நின்றது.

நாகேந்திரன் பாண்டியம்மாள் அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் அவர் மனைவி சுபாஷிணிக்கும் ஒத்துவரவில்லை. ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு எங்கள் தெருவில் ஏழெட்டுக் காரணங்கள் புழங்குகின்றன, அதில் ஒன்றுகூட அவர்கள் சொன்னதில்லை. பீரோ ஒருவருக்கு, பிரிட்ஜ் ஒருவருக்கு, கல்யாண ஆல்பம் யாருக்கும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டவர்கள், ஏழு வயது மகள் பிரணிதாவிடம் வந்ததும் பிரிக்கத் தெரியாமல் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

நீதிமன்றம் பிள்ளையை இருவருக்கும் பொதுவாக வைத்தது. படிப்பு, வைத்தியம் எல்லாவற்றையும் இருவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும், பள்ளி நாட்களில் பிள்ளை தாயிடம் இருக்கும், சனி ஞாயிறு தகப்பனிடம். அதுவரைக்கும் சரிதான். எத்தனை மணிக்கு ஒப்படைப்பது என்பதில்தான் இழுபறி. அவர் ஏழு என்றால் அவள் எட்டு என்றாள், எட்டுக்கு அவர் சரி என்றால் யார் கடிகாரத்தில் எட்டு என்றாள், ஒருவர் கைபேசியில் காட்ட, மற்றவர் கைக்கடிகாரத்தில் காட்ட, ஓய்வு பெறப்போகிற அந்த நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ஊருக்கே ஒரு சூரியன்தான் இருக்கு. அதை யாரும் முன்னாடி பின்னாடி தள்ளி வைக்க முடியாது" என்று சொல்லி, சனிக்கிழமை பொழுது விடிந்ததும் பிள்ளையைத் தகப்பனிடமும், ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வீட்டுத் தெருவில் பொழுது சாய்ந்ததும் தாயிடமும் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கும் இடம் வாய்க்கால்கரைத் தெரு முனையில் இருக்கும் வேகத்தடை என்று உத்தரவு போட்டார். சூரியனை நம்பி உத்தரவு போட்ட அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அதுவரை அது யாரையும் ஏமாற்றியதில்லை.

உத்தரவு வந்தால் உரிமை வந்துவிட்டது என்று நாகேந்திரன் நினைத்தார். அவருடைய வக்கீல் எட்வின் ஞானராஜ் சிரித்தார். "சார், உரிமைங்கிறது வாடகைக்கு எடுத்த வீடு மாதிரி. பூட்டிப் போட்டுட்டுப் போனீங்கன்னா வேற ஆள் குடி வந்துருவான். தினமும் வெளக்குப் போடணும், ஆள் இருக்குன்னு தெரியணும். எல்லாத்துக்கும் ஆதாரம் வச்சுக்கங்க."

நாகேந்திரன் விளக்குப் போட்டார். பிள்ளை இட்லி சாப்பிடுவதைப் படம் எடுத்தார், குளித்து முடித்துத் தலை துவட்டியதைப் படம் எடுத்தார், வாய்ப்பாடு சொல்வதை வீடியோ எடுத்தார், பூங்காவில் ஊஞ்சலில் ஏற்றி ஆட்டிவிட்டு, ஆட்டியது படத்தில் விழவில்லை என்று இறக்கி மறுபடி ஏற்றி ஆட்டினார். பிரணிதாவும் கெட்டிக்காரி, சீக்கிரமே பழகிக்கொண்டாள். முதல் வாய்ச் சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பா, எடுத்துட்டியா? சாப்பிடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவாள். எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்த மனுசன் பிள்ளையை வளர்க்கிறாரா, இல்லை கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுக்க வந்தவரா என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழும்படித்தான் பேசினார்கள்.

அந்தப் பக்கமும் சும்மா இல்லை. சனிக்கிழமை விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் சுபாஷிணியின் அண்ணன் பைக்கில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்குவார். கேட்டால், பிள்ளை தூங்குச்சு என்பார், எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுச்சு என்பார். ஒரு வாரம், "எங்க வீட்டுக்குக் கிழக்கே பெரிய பில்டிங் வந்துருச்சு மாப்ளே, எங்களுக்கு சூரியன் தெரியவே பத்து பத்தரை ஆயிருது" என்றார், அதை முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் சொன்னார். பிறகு சுபாஷிணி ஒரு மனு போட்டாள். தகப்பன் வீட்டில் பிள்ளை இரவு தங்க வேண்டாம், பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அவருக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை, வழக்குமேல்தான் அக்கறை என்று. அந்த மனு விசாரணைக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது எட்வின் ஞானராஜ் நாகேந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே உங்க நேரத்துல ஒரு நிமிஷம்கூட விட்டுக் குடுக்காதீங்க. நீங்களா விட்டுக் குடுத்தா, இவருக்கே வேண்டாம்னு எழுதிருவாங்க. அதோட முடிஞ்சுது."

அந்த வாரம் சனிக்கிழமை பிள்ளை வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் வந்தாள். நாகேந்திரன் சோறு போட்டார், படம் எடுத்தார், மாடியில் பாண்டியம்மாள் அக்காவோடு சேர்ந்து பிள்ளை அப்பளம் திருப்பிப் போடுவதை எடுத்தார், எடுத்து நிமிர்ந்தால் சூரியன் ஆலைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. எங்களுக்கெல்லாம் அந்த மனுசன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். சூரியன் அதற்கு ஒரு முழம் மேலே வரை இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.

தெரு முனையில், வேகத்தடைக்கு அந்தப் பக்கம், சுபாஷிணி ஸ்கூட்டரில் வந்து நின்றபோது ஆலை ரோட்டில் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. வேகத்தடைக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு மட்டும் மஞ்சள் வெயிலில் கிடந்தது. அவள் அந்த இருட்டிலிருந்து வெயிலைப் பார்த்தாள். கூட வந்த அண்ணன் கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்த்தார்.

"பிள்ளையை அனுப்பச் சொல்லுங்க" என்றாள் சுபாஷிணி. அவரிடம் நேராகப் பேசுவதை விட்டு வெகு நாளாகிவிட்டது, அதனால் வேகத்தடையில் நின்ற எங்களிடம் சொன்னாள்.

"பொழுது இன்னும் சாயலையே" என்றார் நாகேந்திரன். அவரும் எங்களிடம்தான் சொன்னார்.

நாங்கள் எல்லோரும் மேலே பார்த்தோம். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் தன் வக்கீலுக்குப் போன் போட்டாள். அந்த வக்கீலும் கெட்டிக்காரர்: "பொழுது சாயறதுக்கு முன்னாடி பிள்ளையைத் தொட்டீங்கன்னா உத்தரவை மீறினது நீங்கதான்னு ஆயிரும். பேசாம வந்துருங்க." அவள் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

ஆலை ரோட்டில் திங்கள்கிழமை வந்தது, செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகவே இருந்தது. இதற்குப் பழகுவது சிரமம் என்று நினைப்பீர்கள். மனிதர்கள் குடிதண்ணீர் வராத தெருவிலேயே பழகிக் குடியிருக்கிறார்கள், வெயில் போகாத தெருவில் இருக்க மாட்டார்களா? பேப்பர் போடுகிறவர் திங்கட்கிழமைப் பேப்பரை வேகத்தடைவரை கொண்டுவந்து, இங்கே போட்டால் அது நாளைய பேப்பர் ஆகிவிடுமே என்று யோசித்து, திருப்பிக் கொண்டுபோய்விட்டார். கறிக்கடை சிக்கந்தர் பாய்க்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம், அந்த ஞாயிற்றுக்கிழமை முடியவேயில்லை என்றால் அவருக்குச் சொல்ல வேண்டுமா? அது நோன்பு மாதம் என்பதால் மட்டும் கொஞ்சம் சங்கடம். அவர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஆலை ரோட்டுக்குப் போய், அங்கே இருட்டிய பிறகு ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்துவிட்டு, மறுபடி வெயிலுக்குள் வந்து கறி வெட்டினார். பிள்ளையார் கோயில் குருக்கள் சாயரட்சைப் பூஜைக்கு விளக்கைத் துடைத்து, திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார். வார்டு கவுன்சிலர், வாய்க்கால்கரைத் தெருவுக்குத் தடையில்லா வெயில் பெற்றுத் தந்த செம்மல் என்று தனக்குத்தானே ஒரு பிளெக்ஸ் வைத்துக்கொண்டார், அது அடிக்கிற வெயிலில் ஒரு பக்கமாக வெளுத்தது.

அப்பளம் காய்ந்தது. அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது, அப்படிக் காய்ந்தது. சுருளாமல், விரிசல் விடாமல், எடுத்துச் சுண்டினால் கணீர் என்று சத்தம் வரும்படி காய்ந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் மிளகாயும் வடகமும் கொண்டுவந்து எங்கள் மாடியில் காயப்போடக் கெஞ்சினார்கள், நாங்கள் இடமில்லை என்று சொல்லும் சுகத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக அனுபவித்தோம்.

சில குறைகளும் இருந்தன. இட்லி மாவு புளிக்கவில்லை. இரவு வந்தால்தானே புளிக்கும்? அரைத்த மாவு அரைத்த மாதிரியே பாத்திரத்தில் கிடந்தது. பிள்ளைகளுக்குத்தான் பாவம், பள்ளிக்கூடம் இல்லையே என்று குதித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்றில் வருமே ஒரு கலக்கம், வீட்டுப்பாடம் எழுதவில்லை, நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று, அந்தக் கலக்கம் வந்தது வந்தபடியே நின்றுவிட்டதால் விளையாடவும் முடியாமல், படிக்கவும் முடியாமல் திரிந்தார்கள். கலக்கம் எங்களுக்கும்தான் இருந்தது. ஆனால் பெரியவர்கள் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

சுபாஷிணி கொடுத்த புகாருக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். உத்தரவை வாங்கிப் படித்தார், சூரியனை அண்ணாந்து பார்த்தார், மறுபடி படித்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாண்டியம்மாள் அக்கா மோர் கொடுத்தாள். "பொழுது சாஞ்சதும் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு போனார்.

நாகேந்திரனுக்கு முதலில் தலைகால் புரியவில்லை. கடையைப் பூட்டிவிட்டார். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், படம் வரைந்தார்கள், ஒளிந்து விளையாடினார்கள், அவர் எல்லாவற்றையும் எடுத்தார், எடுத்து எடுத்துக் கைபேசியில் இடமே இல்லாமல் போனது. எட்வின் ஞானராஜ் போனில் குதூகலப்பட்டார்: "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாதகம் எந்தத் தகப்பனுக்கும் கிடைச்சதில்ல சார். கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

கைபேசியில் இடமில்லாமல் போன பிறகுதான் அவர் பிள்ளையை வெறுங்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். பார்த்தால் பிள்ளை தூங்கவில்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டினாலும் அதன் நெசவுக்குள் புகுந்து மஞ்சள் வெயில் கட்டிலில் விழுந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. அவள் நாக்கு எப்போது பார்த்தாலும் முன்பல் ஒன்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"என்னடா பல்லை நோண்டிக்கிட்டே இருக்க?"

"ஆடுதுப்பா. வரும்போதே ஆடுச்சு. விழவே மாட்டேங்குது."

"விழும், விழும்."

"எப்ப? எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் விழுந்துருச்சு. நாளைக்கு விழும்னு அம்மா சொன்னா." அவள் சாப்பிடாத தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "நாளைக்கு எப்பப்பா வரும்?"

நாகேந்திரன் அவள் வாயைத் திறக்கச் சொல்லி விரலால் பல்லைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நூலில் நின்றது. வெளியே நாட்கள் போயும் அது அந்த நூலிலேயே நின்றது. அவர் தன் தாடையைத் தடவிப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை காலையில் மழித்த தாடை, அப்படியே வழவழவென்று இருந்தது. சமையல் மேடையில் புளிக்காத மாவு இருந்தது. இங்கே இருக்கிறவரை பிள்ளை அவருக்குத்தான், யாரும் பறிக்க முடியாது, ஆனால் வளராது. அதைப் புரிந்துகொண்டதும் அந்த மனுசன் எச்சில் கையோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். பாண்டியம்மாள் அக்கா பார்த்திருக்கிறாள். பார்த்ததும் அவள் முதலில் மாடியைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். ஏனென்றால் மாடியில் அப்போது மூன்று பாய் நிறைய ஈர அப்பளம் இருந்தது.

பிள்ளையைக் கொடுத்துவிடலாம் என்று அவர் வாய் திறந்ததும் தெருவே கூடிவிட்டது. ஒரு தகப்பனின் உரிமைக்காக எங்கள் தெரு அன்றைக்குப் பேசியதுபோல் எந்த மேடையிலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

"தம்பி, தகப்பன்னா கெட்டியா நிக்கணும்" என்றாள் பாண்டியம்மாள் அக்கா. "பத்து மாசம் சுமந்தவளுக்கு மட்டும்தான் பிள்ளையா? நீங்க சுமக்கலையா?"

"சட்டம் உங்க பக்கம் இருக்கு" என்றார் கவுன்சிலர்.

"நீங்க உங்க ஒரு ஆளுக்காக மட்டும் பார்க்கக்கூடாது சார்" என்றார் சிக்கந்தர் பாய். "நாளைக்கு இந்த ஊர்ல எந்தத் தகப்பனும் தலை நிமிந்து நடக்கணும்ல?"

"பிள்ளை தூங்க மாட்டேங்குதுங்க" என்றார் நாகேந்திரன்.

"கறுப்புத் துணி தர்றேன், ஜன்னல்ல கட்டுங்க" என்றாள் எதிர் வீட்டுக்காரி. அவளிடம் கறுப்புத் துணி இருந்தது, கட்டினார்கள், அதுவும் பலிக்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மாடியிலும் ஈர அப்பளம் இருந்தது.

சுபாஷிணி தினமும் வேலை முடிந்து வருகிற வழியில் வேகத்தடைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். அன்றைக்கு வெளியே இருட்டி, கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் குடை பிடித்து நின்றாள். நாகேந்திரன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவின் நடுவே, மாடிகளில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்க்க, வேகத்தடைவரை நடந்து வந்தார். வந்து பிள்ளையின் கையை விட்டார்.

"கூட்டிட்டுப் போ சுபா."

வருஷக்கணக்கில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் நம்பவில்லை. நம்பும்படி அவர் இதுவரை எதுவும் செய்ததில்லை, அவளும் செய்ததில்லை.

"பொழுது சாயலையே" என்றாள். "இப்ப வாங்கினா, நாளைக்கு நான்தான் முன்னாடியே பறிச்சுட்டுப் போனேன்னு உங்க வக்கீல் நிப்பாரு. எனக்குத் தெரியாதா?"

"நான்தான் குடுக்கறேன்னு சொல்றேன்ல?"

"எழுதிக் குடுங்க."

அவருக்கும் அப்போதுதான் வக்கீல் ஞாபகம் வந்தது. நீங்களாக விட்டுக் கொடுத்தால் முடிந்தது என்று சொன்னது ஞாபகம் வந்தது. பழக்க தோஷம் லேசில் போகுமா? அவர் கொஞ்சம் தள்ளிப்போய் எட்வின் ஞானராஜுக்குப் போன் போட்டார். அவள் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தன் வக்கீலுக்குப் போட்டாள். ஒருவர் வெயிலில் அந்தப் பக்கம் திரும்பிப் பேச, ஒருவர் மழையில் இந்தப் பக்கம் திரும்பிப் பேச, பிள்ளை இரண்டுக்கும் நடுவே வேகத்தடைமேல் நின்றாள். அம்மா அங்கேயே நில்லு என்று கை காட்டினாள், அப்பா இருடா என்று கை காட்டினார். அவள் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஒரு கால் தூறலில் நனைந்தது, ஒரு கால் வெயிலில் கிடந்தது, தலை மெல்லத் தெருப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. இரண்டு வக்கீல்களும் போனில் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

மாடியில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம், யாரும் கூப்பிடவில்லை. நாகேந்திரன் எதற்கோ திரும்பினார். பிள்ளையின் தலை கல்லில் படுவதற்குள் ஓடிவந்து பிடித்தார். கைபேசி கீழே விழுந்தது, அதற்குள்ளிருந்து எட்வின் ஞானராஜ், சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பிள்ளையை அள்ளித் தூக்கி, கலைந்த தலையை ஒதுக்கிவிட்டு, வேகத்தடையில் ஏறி நின்று, சுபாஷிணியின் தோளில் சாய்த்தார். அவள் குடையைப் போட்டுவிட்டு வாங்கினாள். அவர் முதலில் ஒரு கையை எடுத்தார், பிறகு இன்னொரு கையை எடுத்தார்.

சூரியன் விழுந்தது. அஸ்தமனம் என்று அதைச் சொல்ல முடியாது, புகைபோக்கிக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது, உடனே வெளியே தூறிக்கொண்டிருந்த மழை எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. மாடி மாடியாக ஈர அப்பளம், அள்ள ஆள் போதவில்லை, விளக்கைப் போடு, பாயைச் சுருட்டு என்று ஒரே கூச்சல். அப்பளமெல்லாம் கூழாகிப்போனது. நாகேந்திரனுக்குச் சாபம் கொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. பாண்டியம்மாள் அக்கா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள், மறுநாள் மாவு புளித்துப் பொங்கி இட்லி பூப்போல வந்த பிறகும் அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மனு விசாரணைக்கு வந்தது. எட்வின் ஞானராஜ் நாகேந்திரனிடம் முதல் நாளே ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தார். விஷயம் ஒன்றே ஒன்றுதான். பொழுது சாய்ந்த பிறகு பிள்ளையைக் கொடுத்திருந்தால் அவர் உத்தரவை எழுத்துக்கு எழுத்து மதித்தவர், சனி ஞாயிறு அவருக்கு நிலைக்கும். சாய்வதற்கு முன்னால் கொடுத்திருந்தால், தன் நேரத்தைத் தானே வேண்டாம் என்று தள்ளியவர், மனு ஜெயித்துவிடும். சாய்ந்த பிறகு என்று சொல்லுங்கள், போதும், என்றார் வக்கீல். உங்களிடம் படம் எதுவும் இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை.

அதே நீதிபதி அம்மா. தன் சூரியன் செய்த வேலையை அவரும் கேள்விப்பட்டிருந்தார், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"பிள்ளையைக் குடுத்தப்போ உங்க தெருவுல பொழுது சாஞ்சிருந்துச்சா, சாயலையா?"

நாகேந்திரன் கூண்டில் நின்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியலீங்கம்மா."

"சூரியனைப் பார்க்கலையா?"

"பிள்ளையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்மா."

எட்வின் ஞானராஜ் கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரே வார்த்தையில் வழக்கைத் தூக்கி எதிராளி மடியில் வைத்த கட்சிக்காரரை அவர் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பக்கத்து வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுபாஷிணியைக் கூப்பிட்டார். அவளுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே கொடுத்துவிட்டார் என்று ஒரு வரி, அது உண்மையும்கூட.

நீதிபதி அம்மா அதே கேள்வியை அவளிடம் கேட்டார். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாஞ்ச பிறகுதாம்மா குடுத்தாரு" என்றாள். "நல்லா இருட்டின பிறகு. அதுக்கு அப்புறம்தான் கையை எடுத்தாரு."

அவளுடைய வக்கீல், இன்னொரு தரம் யோசித்துச் சொல்லும்மா என்றார். யோசிச்சுட்டேன் சார் என்றாள். மனு தள்ளுபடியானது, சனி ஞாயிறு நாகேந்திரனுக்கு நிலைத்தது.

எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும், அவள் சொன்னது பொய். மாடிக்கு மாடி நின்று பார்த்தோம், அவர் இரண்டாவது கையை எடுத்தபோது எங்கள் அப்பளத்தின்மேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வக்கீல் விடாமல், மேல்முறையீட்டுக்குச் சாட்சி தேடி எங்கள் தெருவுக்கே வந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி, பார்த்ததைச் சொன்னால் போதும் என்றார். பாண்டியம்மாள் அக்கா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். மூன்று பாய் அப்பளத்தை மழைக்குக் கொடுத்தவள், நாகேந்திரனை மன்னிக்கவே மாட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

"நாங்க எங்கங்க பார்த்தோம்?" என்றாள். "அதுக்குள்ளதான் இருட்டிப்போச்சே."